சின்ன மிரர்லெஸ் கேமராவுக்கு முதல் போர்ட்ரெய்ட் லென்ஸ்: அளவுநாடாவில் தொடங்கி பில் வரை

கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே வரும் சாதாரண ஜூம்) ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டீர்கள். அம்மாவையும் குழந்தையையும் தங்கையின் வளைகாப்பையும் படம் எடுக்கிறீர்கள். முகம் தெளிவாகத்தான் வருகிறது. ஆனால் பின்னால் நிற்கும் பீரோவும் சுவர்க் காலண்டரும் அதே அளவு தெளிவாக வருகின்றன. சரி, முகத்துக்கென்று ஒரு லென்ஸ் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், முதல் கேள்வியே "பட்ஜெட் எவ்வளவு?" என்பதுதான். நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒருவர் 85 மி.மீ. வாங்கச் சொன்னார், ஒருவர் 50 போதும் என்றார், இன்னொருவர் எஃப்/1.4 இல்லாவிட்டால் வீண் என்றார். (மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்; எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும், பின்னணியும் மங்கும்.) எங்கே வைத்து எடுக்கப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. லென்ஸைத் தீர்மானிக்கிற கேள்வியே அதுதான். பணக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

சோனி ஏ6000 வரிசை, இசட்வி-இ10, கேனான் ஆர்50, ஆர்10, நிகான் இசட்50, இசட்30, ஃபுஜியின் எக்ஸ் வரிசை ஆகிய ஏபிஎஸ்-சி சென்சார் (படத்தைப் பதியும் நடுத்தர அளவுச் சில்லு) கேமராக்களையும், ஒலிம்பஸ், பானசோனிக்கின் அதைவிடச் சின்ன சென்சார் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

1. மூன்று விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

முதலாவது, மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் வளையம். சோனிக்கு இ, நிகானுக்கு இசட், ஃபுஜிக்கு எக்ஸ். குழப்பம் அதிகம் வருவது கேனானில். ஆர்50, ஆர்10 போன்றவை ஆர்எஃப் மவுண்ட். எம்50 போன்ற பழைய கேமராக்கள் இஎஃப்-எம் மவுண்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது, இடையில் போட அடாப்டரும் கிடையாது.

இரண்டாவது, சென்சார் அளவு. லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டரை சோனி, நிகான், ஃபுஜியின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் 1.5ஆலும், கேனானில் 1.6ஆலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2ஆலும் பெருக்கினால் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் எவ்வளவு என்று தெரியும். "போர்ட்ரெய்ட்டுக்கு 85" என்று காலங்காலமாகச் சொல்வது ஃபுல் ஃப்ரேம் கணக்கு. உங்கள் கேமராவில் அந்த வேலையை 50 அல்லது 56 மி.மீ. செய்துவிடும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 42.5 அல்லது 45 போதும்.

மூன்றாவது, கேமராவுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இருக்கிறதா என்பது. சோனி ஏ6400, இசட்வி-இ10, கேனான் ஆர்50, நிகான் இசட்50 இவற்றில் இல்லை. சோனி ஏ6700, கேனான் ஆர்7, ஃபுஜி எக்ஸ்-எஸ்10 இவற்றில் உண்டு.

2. அளவுநாடாவை எடுத்து வீட்டை அளங்கள்

நீங்கள் அடிக்கடி படம் எடுக்கும் இடம் எது? ஹால், மொட்டை மாடி, பூங்கா, கல்யாண மண்டபம் என்று எதுவாகவும் இருக்கலாம். அங்கே உங்களுக்கும் எதிரில் நிற்பவருக்கும் நடுவே எத்தனை அடி கிடைக்கும் என்று உண்மையிலேயே அளந்து பாருங்கள்.

ஏபிஎஸ்-சி கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலை முதல் கால் வரை ஓர் ஆளைச் சட்டத்துக்குள் கொண்டுவர 35 மி.மீ. லென்ஸுக்குக் கிட்டத்தட்ட 9 அடி வேண்டும். 50 மி.மீ. என்றால் 13 அடி, 56 என்றால் 15 அடி, 85 என்றால் 22 அடிக்கு மேல். இடுப்புக்கு மேல் மட்டும் போதுமென்றால் 35க்கு நாலரை அடி, 50க்கு 6 அடி, 85க்கு 11 அடி. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 45 மி.மீ. போட்டால் முழு உருவத்துக்கு 16 அடி ஆகும்.

இது லென்ஸுக்கும் ஆளுக்கும் இடையே உள்ள தூரம் மட்டும். நீங்கள் நிற்க ஒன்றரை அடி வேண்டும். பின்னணி நன்றாக மங்க வேண்டுமானால் ஆளுக்கும் பின்சுவருக்கும் நடுவே 5, 6 அடியாவது விட வேண்டும். ஆக, 50 மி.மீ. லென்ஸில் ஒருவரை முழுதாக, பின்னணி மங்கலாக எடுக்க மொத்தம் 20 அடி நீளம் தேவைப்படும். நம் அடுக்குமாடி வீடுகளில் ஓர் அறை 10க்கு 12 அடி இருந்தாலே பெரிது. அந்த அறையில் 85 போட்டால் இடுப்புவரை எடுப்பதற்கே முதுகு சுவரில் இடிக்கும்.

வீட்டுக்குள் மட்டும்தான் எடுப்பேன் என்றால் 35 மி.மீ.தான் சரி. அதைப் போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று யாரும் விற்க மாட்டார்கள், ஆனாலும் வாங்குங்கள். முகத்தை மட்டும் நிரப்ப வேண்டும் என்று அதை வைத்துக்கொண்டு ரொம்பக் கிட்டே போகாமல் இருந்தால் போதும். இரண்டடி தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் தெரியும். 5, 6 அடி தள்ளி நின்றால் முகம் நாம் நேரில் பார்க்கிற மாதிரி வரும். முகத்தின் வடிவத்தை மாற்றுவது தூரம்தான். எந்த லென்ஸைப் போட்டாலும் அதே தூரத்தில் நின்றால் அதே வடிவம்தான் கிடைக்கும்.

வீடு, மாடி, வெளியிடம் என்று கலந்து எடுப்பவர்களுக்கு 50 அல்லது 56. பெரும்பாலானவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். எப்போதும் வெளியில், தலையும் தோளும் மட்டும் என்பவர்கள் 75, 85 பக்கம் போகலாம்.

3. கையில் இருக்கும் கிட் லென்ஸிலேயே ஒத்திகை பாருங்கள்

இதற்கு ஒரு பைசா செலவில்லை. சோனி 16-50, நிகான் 16-50 இரண்டும் 50 வரை போகும். கேனான் ஆர்எஃப்-எஸ் 18-45, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 14-42 இவையும் தேவையான இடத்துக்குப் பக்கத்தில் போய்விடும். ஜூமை முழுதாக நீட்டி, அதைத் தொடாமல் ஒரு வாரம் மனிதர்களை மட்டும் எடுங்கள். எத்தனை தடவை பின்னால் நகர இடம் போதவில்லை, எத்தனை தடவை இன்னும் கிட்டப் போக ஆசைப்பட்டீர்கள் என்பதிலேயே பதில் இருக்கிறது. பின்னணி மங்குவதை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள்.

ஏற்கெனவே எடுத்த படங்கள் நிறைய இருந்தால், படத்தின் விவரங்களில் ஃபோகல் லெங்த் (மி.மீ. எண்) என்ன என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த முகப் படங்கள் எல்லாம் 30, 35 பக்கம் இருந்தால் அதைப் பொருட்படுத்துங்கள்.

4. எஃப் எண்ணுக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம்?

கிட் லென்ஸை நீட்டினால் அபர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை) எஃப்/5.6 அல்லது எஃப்/6.3க்குப் போய்விடும். எஃப்/5.6இலிருந்து எஃப்/1.8க்கு வந்தால் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு எண்) 6400 தேவைப்பட்ட அறையில் 640 போதும். இந்தத் தாவலைக் கண்ணால் பார்த்தவுடனே உணர்வீர்கள். எஃப்/1.8இலிருந்து எஃப்/1.4க்குக் கிடைப்பது அதற்குமேல் அரைப் பங்கு சொச்சம்தான். ஆனால் விலை பல சமயம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகிவிடும். முதல் லென்ஸுக்கு எஃப்/1.8 போதும் என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு. 56 மி.மீ., எஃப்/1.4இல் 5 அடி தூரத்தில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. கண் கூர்மையாக இருக்கும், காது மங்கிவிடும், முகம் சற்றுத் திரும்பியிருந்தால் அடுத்த கண்ணும் மங்கும். 50 மி.மீ., எஃப்/1.8இல் அதே தூரத்தில் ஆறரை செ.மீ. கிடைக்கும். பழக ஆரம்பிப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. தம்பதியாக இருவரை எடுக்கும்போது எந்த லென்ஸானாலும் எஃப்/4 பக்கம் வைத்துவிடுங்கள்.

மண்டபத்தில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்குகளும் பழைய ட்யூப்லைட்டுகளும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். பெரிய அபர்ச்சர் கிடைத்த சந்தோஷத்தில் ஷட்டரை 1/500 நொடிக்கு ஏற்றினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம். சைலன்ட் ஷட்டர் (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) போட்டால் இன்னும் மோசம். அங்கே 1/100இல் நில்லுங்கள், மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள கேமராவில் அதையே பயன்படுத்துங்கள். லென்ஸில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

5. ஸ்டெபிலைசேஷன்

வீடியோவும் எடுப்பீர்கள், கேமராவுக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை என்றால், லென்ஸில் அது கட்டாயம் இருக்கட்டும். ஃபோட்டோ மட்டும் என்றால் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மனிதர்கள் அசைவார்கள், எப்படியும் 1/100க்குக் கீழே போக மாட்டீர்கள். குழந்தைகளுக்கு 1/250.

6. உங்கள் மவுண்டுக்கு இரண்டே பெயர்கள்

நீளப் பட்டியல் வேண்டாம். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சோனி: இ 50 மி.மீ. எஃப்/1.8 ஓஎஸ்எஸ் அல்லது சிக்மா 56 மி.மீ. எஃப்/1.4. முதலாவது சுமார் 200 கிராம், ஸ்டெபிலைசேஷன் உண்டு (ஓஎஸ்எஸ் என்பது அதைத்தான் குறிக்கும்). சிக்மா 280 கிராம், ஸ்டெபிலைசேஷன் இல்லை, படத்தின் கூர்மையில் அது ஒரு படி மேல். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. சோனியில் எஃப்இ 50 மி.மீ. எஃப்/1.8 என்று இன்னொரு லென்ஸ் இருக்கிறது. அது ஃபுல் ஃப்ரேமுக்கானது, ஸ்டெபிலைசேஷன் இல்லை, ஆட்டோஃபோகஸ் மெதுவானது. மாடல் எண்ணில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்: உங்களுக்கு வேண்டியது எஸ்இஎல்50எஃப்18, மற்றது எஸ்இஎல்50எஃப்18எஃப். ஆன்லைனில் இரண்டும் அடுத்தடுத்து வரும், ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் விலை குறைவாகத் தெரிந்தால் கை அங்கே போய்விடும். பெட்டியில் ஓஎஸ்எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கேனான் ஆர்எஃப்: ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். 160 கிராம்தான், ஓர் அடி தூரம் வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யும். இந்தப் பட்டியலில் காசுக்கு இதைவிட நிறையத் தரும் லென்ஸ் இல்லை. அதற்கு மேலே போக வேண்டுமானால் சிக்மா 56. ஆர்எஃப் மவுண்டுக்கு ஏபிஎஸ்-சி லென்ஸ் தருவதாக சிக்மா 2024இல்தான் அறிவித்தது, அதனால் பழைய வீடியோக்களில் "கேனானுக்கு சிக்மா கிடையாது" என்று சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

கேனான் எம்50 வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. அந்த மவுண்டுக்குப் புது லென்ஸ்கள் வருவது நின்றுவிட்டது. இஎஃப்-எம் லென்ஸில் பணம் போட்டால், நாளைக்குக் கேமரா மாற்றும்போது அது கூடவே வராது. பழைய இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் வாங்கி அடாப்டர் போட்டுப் பயன்படுத்துங்கள். பின்னால் ஆர் வரிசைக்குப் போனால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும்.

நிகான்: சிக்மா 56 அல்லது வில்ட்ராக்ஸ் 56 மி.மீ. எஃப்/1.7. நிகானின் இசட் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ் அருமையான லென்ஸ், ஆனால் 415 கிராம், இசட்30 மாதிரிச் சின்ன கேமராவில் மாட்டினால் முன்பக்கம் கனத்துச் சாயும். வீட்டில் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் இருக்கிறது, எஃப்டிஇசட் அடாப்டர் வாங்கலாம் என்று நினைத்தால் ஒன்றைப் பாருங்கள்: ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும், ஏஎஃப்-டி என்றால் கையால்தான் திருக வேண்டும்.

ஃபுஜி: எக்ஸ்எஃப் 50 மி.மீ. எஃப்/2 அல்லது சிக்மா 56. தூறலிலும் தூசியிலும் எடுப்பவர்களுக்கு எக்ஸ்எஃப் 50. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப்/1.8 அல்லது பானசோனிக் 42.5 மி.மீ. எஃப்/1.7. பானசோனிக்கில் ஸ்டெபிலைசேஷன் உண்டு. இவை எல்லாக் கடைகளிலும் இருக்காது, செகண்ட் ஹேண்டில் தேட வேண்டியிருக்கும்.

விலை நாளுக்கு நாள் மாறும். தோராயமாக, எஃப்/1.8 வகைக்கு 15,000 முதல் 25,000 ரூபாய், எஃப்/1.4 வகைக்கு 30,000 முதல் 45,000 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மிகக் குறைந்த விலையில் வரும் மேனுவல் லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஓடும் குழந்தையை அதில் பிடிக்க முடியாது. பலவற்றில் மின்தொடர்பும் இருக்காது, மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்ற அமைப்பைத் திறந்துவிட்டால்தான் கேமரா படமே எடுக்கும்.

7. ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்

30,000 ரூபாய் போடுவதற்கு முன் 500 ரூபாயையொட்டிய செலவில் ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் கேமரா வாடகைக் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டை, முகவரிச் சான்று, முன்பணம் கேட்பார்கள். சில இடங்களில் அசல் அட்டையையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அசலைக் கொடுக்க மனமில்லையென்றால் முன்பணத்தைக் கூட்டிக் கொடுக்கிறேன் என்று பேசிப் பாருங்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட மாஸ்க்டு ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். நகலின் குறுக்கே "லென்ஸ் வாடகைக்காக" என்று எழுதித் தேதியும் போடுங்கள்.

எடுக்கும்போதே கடைக்காரர் முன்னால் லென்ஸின் இரு கண்ணாடிகளையும், ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் திரும்பக் கொடுக்கும் நேரத்தில் வாக்குவாதம் வந்தால் உங்கள் பக்கம் சாட்சி இருக்காது.

நேரமும் முக்கியம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் எல்லா லென்ஸும் கல்யாண வேலைக்குப் போய்விடும். ஆடியிலும் மார்கழியிலும் கடை சும்மா இருக்கும், பொறுமையாகப் பேசுவார்கள், வாடகையும் இறங்கிவரும்.

8. புதிதாக வாங்கும்போது காகிதம் பாருங்கள்

"பில் இல்லாமல் என்றால் 4,000 குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சு வரும். வாங்காதீர்கள். பெரும்பாலும் அது கிரே மார்க்கெட் சரக்கு, அதாவது அதிகாரப்பூர்வ இறக்குமதியாளர் வழியாக வராதது, பொருள் அசலாகவே இருந்தாலும் இந்தியாவில் வாரண்டி கிடைக்காது. முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், எம்ஆர்பி, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஸ்டிக்கர் இல்லையென்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ஜிஎஸ்டி பில்லில் லென்ஸின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள எண், லென்ஸில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தொழிலாகச் செய்பவர் என்றால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் பில்லில் போடச் சொல்லுங்கள், பின்னால் திருத்தக் கேட்டால் அலையவிடுவார்கள். வாரண்டி பதிவை அன்றைக்கு இரவே முடித்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முன் செப்டம்பர், அக்டோபரில் கேஷ்பேக் சலுகைகள் அதிகம். அதற்காகக் காத்திருப்பது தவறில்லை. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று போட்டிருந்தாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும், பல வங்கிகளில் பிராசசிங் கட்டணமும் சேரும். மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் "ரிட்டர்ன்" என்றா, "ரீப்ளேஸ்மெண்ட் மட்டும்" என்றா போட்டிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள். பெட்டியை உடைப்பதை வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

9. செகண்ட் ஹேண்ட் என்றால் டார்ச் லைட் எடுத்துப் போங்கள்

லென்ஸ்கள் கேமரா மாதிரிச் சீக்கிரம் பழசாவதில்லை, அதனால் செகண்ட் ஹேண்ட் நல்ல வழி. நம் கடலோர ஊர்களில் பயப்பட வேண்டியது ஃபங்கஸுக்குத்தான், அதாவது கண்ணாடியில் படரும் பூஞ்சைக்கு. லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஒன்றிரண்டு தூசிப் புள்ளிகள் பரவாயில்லை.

அப்புறம் உங்கள் கேமராவில் மாட்டி, பக்கத்தில், தூரத்தில் மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்யுங்கள். அபர்ச்சரைப் பெரிதிலிருந்து சிறிதுக்கு ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு படம் எடுங்கள். வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். பழைய பில் கேளுங்கள். அது இல்லாவிட்டால், விற்பவர் கையெழுத்தோடு சீரியல் எண் எழுதிய ஒரு சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் பிரச்சினை வந்தால் அந்தச் சீட்டு உதவும்.

10. முதல் வாரத்துக்குள் செய்ய வேண்டியவை

மாற்றிக் கொடுக்கும் காலக்கெடு பல இடங்களில் 7 நாள்தான். அதனால் விசேஷம் வரட்டும் என்று பெட்டியை மூடி வைக்காதீர்கள். ஒரு செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடில், சுவருக்கு நேராக வைத்து, அபர்ச்சரை முழுதாகத் திறந்து படம் எடுங்கள். நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். மூலைகள் நடுப்பகுதியைவிட மென்மையாக இருப்பது இயல்பு. ஒரு மூலை மட்டும் மோசமாக இருந்தால் கேமராவைச் சரியாக நேராக்கி மறுபடி எடுங்கள். அப்போதும் அதே மூலை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு கண் ஃபோகஸைப் போட்டு, ஓர் ஆளை 5 அடியில் வைத்து 20 படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) புதிது வந்திருந்தால் அதையும் ஏற்றிவிடுங்கள்.

கூடவே வரும் செலவுகள்: லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) பெட்டியில் இல்லையென்றால் தனியாக வாங்குங்கள், பக்க வெளிச்சம் படத்தை வெளுக்கவிடாது, கீழே விழுந்தாலும் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். ஃபில்டர் கட்டாயமில்லை. கடற்கரையில் அதிகம் எடுப்பீர்களானால் மட்டும் நல்லதாக ஒன்று, சரியான அளவில். சிக்மா 56க்கு 55 மி.மீ., சோனி 50க்கு 49 மி.மீ., கேனான் 50க்கு 43 மி.மீ.

லென்ஸை வைக்கும் இடத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மூன்றும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீட்டர் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். தோல் பையிலோ துணி பீரோவிலோ மாதக்கணக்கில் போட்டு வைக்க வேண்டாம். ஃபங்கஸ் பிடித்தால் பொதுவாக வாரண்டி செல்லாது. சிலிகா ஜெல் மணிகளின் நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள்.